வீட்டு ஷெட்டுல சிஎன்சி ரவுட்டர் கட்டப் போறீங்களா? எதை முதல்ல வாங்கணும், எதை அப்புறம் மாத்தலாம்

ரெண்டடிக்கு மூணடி பலகையை வெட்டுற அளவுக்கு ஒரு சிஎன்சி ரவுட்டர் டேபிளை, அதாவது கம்ப்யூட்டர் சொல்ற பாதையில கட்டரை ஓட்டி வெட்டுற மெஷினை, சொந்தமா கட்டணும்னு நினைக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். கோயம்புத்தூர்ல நான் கட்டினப்போ லேத் பட்டறை, பேரிங் கடை, எலக்ட்ரானிக்ஸ் கடைன்னு போன இடத்துல எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வீடியோவுல பாக்குறது எல்லாம் வெளிநாட்டுக்காரங்க கட்டினது, அவங்க சொல்ற பார்ட் பாதி இங்க கிடைக்காது, கிடைச்சாலும் விலை கட்டுப்படி ஆகாது. எல்லாத்தையும் தாண்டி இப்ப மெஷின் நல்லா ஓடுது, தேக்கு, பிளைவுட், எம்டிஎஃப், அக்ரிலிக் எல்லாம் சுத்தமா வெட்டுது, பொறுமையா விட்டா அலுமினியமும் வெட்டுது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. மெஷினை மொத்தமா பிரிச்சாத்தான் மாத்த முடியும்ங்கிற பாகத்துக்கு முதல்லயே நல்லா செலவு பண்ணுங்க, நாலு ஒயரைக் கழட்டி மாத்திடலாம்ங்கிற பாகத்துக்கு ஆரம்பத்துல கம்மியாவே போதும். ஃபிரேம், லீனியர் ரெயில் (நகர்ற பாகம் வழுக்கிட்டு ஓடுற தண்டவாளம்), பால் ஸ்க்ரூ (மோட்டார் சுத்துறதை நேர் நகர்வா மாத்துற மரைத்தண்டு) மூணும் முதல் வகை. கண்ட்ரோலர் (மெஷினோட மூளை), டிரைவர் (நகர்த்துற மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற போர்டு), ஸ்பிண்டில் (கட்டரைச் சுத்துற மோட்டார்) ரெண்டாவது வகை. நிறைய பேர் இதைத் தலைகீழாப் பண்ணி, மோட்டாரும் ஸ்பிண்டிலும் பெருசா வாங்கிட்டு ஃபிரேம்ல மிச்சம் பிடிக்கிறாங்க, அப்புறம் எவ்ளோ அப்கிரேடு பண்ணாலும் வெட்டுன ஓரத்துல அலை அலையா கோடு விழுறது போகவே போகாது.

1. அளவும் மெட்டீரியலும் முடிவு பண்ணுங்க

முழு ஷீட் எட்டுக்கு நாலடி, அதை வெட்டுற மெஷின் கட்டணும்னு ஆசை வரும். வீட்டுல வேண்டாம். இடத்தை விடுங்க, அந்த நீளத்துக்கு ரெயில் உக்கார வைக்கிற முகத்தை நேராக்குறதுக்கே தனி செலவு, ஒன்றரை மீட்டருக்கு மேல 16 எம்எம் தடிமன் பால் ஸ்க்ரூ போட்டா வேகமா சுத்தும்போது ஸ்க்ரூ நடுவுல துள்ளும், அப்புறம் ரேக் பினியனுக்கு (பல் பட்டையில பல் சக்கரம் உருள்ற முறை) போகணும். 600க்கு 900 எம்எம் வெட்டுற அளவு போதும். பெரிய பலகைன்னா கடையிலேயே ரெண்டா அறுத்துக் குடுக்கச் சொல்லுங்க.

வெட்டுற அளவும் ரெயில் நீளமும் ஒண்ணு இல்லைங்கிறதை இங்கயே கவனிங்க. 900 எம்எம் பயணம் வேணும்னா கேன்ட்ரியோட (ஸ்பிண்டிலைத் தூக்கிட்டு முன்னும் பின்னும் ஓடுற பாலம்) பிளாக் (ரெயில் மேல வழுக்குற கட்டை) ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம், ஓரத்துல லிமிட் ஸ்விட்ச்சுக்கு (எல்லையைத் தொட்டா மெஷினை நிறுத்துற ஸ்விட்ச்) விடுற இடம் எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 1200 எம்எம் ரெயில் வேணும். குறுக்கால 600க்கு 850 எம்எம். இந்தக் கணக்கு போடாம மீட்டர் ரெயில் வாங்கிட்டு வந்து, 700 எம்எம் தான் ஓடுதுன்னு திகைச்சு நிக்கிறவங்க உண்டு.

2. பட்ஜெட், பில்லு, பேப்பர்

கீழ போட்டிருக்குறது நான் விசாரிச்ச, வாங்கின விலையை வச்சு சொல்ற உத்தேசக் கணக்கு. கடைக்குக் கடை மாறும், ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னு கேட்டுக்கிட்டு ஒப்பிடுங்க, ஏன்னா 18 சதவீதம் சின்ன வித்தியாசம் இல்ல.

- ஃபிரேம் இரும்பு, வெல்டிங், மில்லிங், பெயின்ட்: 20,000 – 25,000
- லீனியர் ரெயில் ஆறு நீளம், பிளாக் பன்னெண்டு: 20,000 – 25,000
- பால் ஸ்க்ரூ நாலு, சப்போர்ட் பேரிங், கப்ளிங்: 15,000 – 18,000
- நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பா சுத்தி மெஷினை நகர்த்துறது) நாலு: 10,000
- டிரைவர் நாலு, பவர் சப்ளை, கண்ட்ரோலர்: 7,000 – 12,000
- 1.5 கிலோவாட் ஸ்பிண்டிலும் விஎஃப்டியும் (ஸ்பிண்டில் வேகத்தை மாத்துற கருவி): 22,000 – 28,000
- கேபிள், கேபிள் செயின், ஸ்விட்ச், பேனல் பாக்ஸ்: 10,000

ஆக, லட்சத்துக்குக் கொஞ்சம் மேல ஆரம்பிச்சு ஒண்ணேகால் லட்சத்தைத் தாண்டும். கையில அவ்ளோ இல்லைன்னா ஸ்பிண்டிலைத் தள்ளிப் போடுங்க, மரவேலைக்கு விக்கிற சின்ன டிரிம் ரவுட்டர் ஒண்ணை கிளாம்ப் போட்டு மாட்டி ஆரம்பிக்கலாம். ரெயிலைத் தள்ளிப் போட முடியாது. கட்டர், காலெட் (கட்டரைக் கவ்விப் பிடிக்கிற வளையம்), கிளாம்ப், மாஸ்க் இதுக்கெல்லாம் தனியா ஒரு 5,000 ஒதுக்கி வைங்க, இதைக் கணக்குல சேக்காம விட்டுட்டு மெஷின் ரெடியான அன்னிக்கு வெட்ட ஒரு நல்ல பிட் இல்லாம உக்காந்துடுறாங்க.

பேப்பர் விஷயம். மெஷினுக்கு ஒரு ஃபைல் போடுங்க. அதுல நாலு இருக்கணும். ஒண்ணு, எம்எம் அளவு போட்ட டிராயிங், பட்டறைக்குக் குடுக்க ஒரு காப்பி, உங்ககிட்ட ஒரு காப்பி. வாய்ல சொல்லிட்டு வந்தா ஓட்டை மாறும், யார் மேல தப்புன்னு பேசவும் வழி இருக்காது. பிளேட்டை லேசர் கட்டிங்ல போடுறதா இருந்தா டிஎக்ஸ்எஃப் (கம்ப்யூட்டர் வரைபட) ஃபைல் 1:1 அளவுல குடுங்க, டேப் (உள் மரை) போட வேண்டிய ஓட்டையை டேப் சைஸ்ல வரையாம டிரில் சைஸ்ல வரைங்க, எம்6 டேப்புக்கு 5 எம்எம், எம்5க்கு 4.2. ரெண்டு, ஜிஎஸ்டி பில் எல்லாம். மூணு, மோட்டார், டிரைவர், விஎஃப்டி மேனுவல் பிரிண்ட். நாலு, நீங்களே வரைஞ்ச ஒயரிங் படம், ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் போட்டு. ஆறு மாசம் கழிச்சு பேனலைத் திறக்கும்போது இந்தப் படம் இல்லைன்னா எந்த ஒயர் எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியாது.

வெளிநாட்டுல இருந்து ஏதாவது வரவழைச்சா கூரியர்காரங்க கேஒய்சி கேப்பாங்க, ஆதார் அல்லது பான் காப்பி, வாங்கின இன்வாய்ஸ், காசு கட்டின ஸ்கிரீன்ஷாட் ரெடியா வச்சிருங்க. சொந்த உபயோகத்துக்குன்னா ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதி) நம்பர் தேவையில்ல, ஆனா கஸ்டம்ஸ் டூட்டி உண்டு, பார்சல் வெயிட்டுக்கு ஷிப்பிங்கும் எகிறும். ரெயில், ஸ்க்ரூ மாதிரி நீளமும் வெயிட்டும் இருக்குற எதையும் நம்ம ஊர் டீலர்கிட்டயே வாங்குறதுதான் லாபம், வளைஞ்சு வந்தா திருப்பிக் குடுக்கவாவது முடியும். பார்சல் எதுவா இருந்தாலும் பிரிக்கும்போது வீடியோ எடுத்துடுங்க. எனக்கு ஒரு விற்பனையாளர்கிட்ட இருந்து வந்த ரெயில் ஒரு முனையில துருப்பிடிச்சு இருந்துச்சு, அந்த வீடியோ இருந்ததாலதான் மாத்திக் குடுத்தாங்க.

3. ஃபிரேம்

அலுமினியம் புரொஃபைல்ல கட்டுனா போல்ட் போட்டு முடிச்சிடலாம், சுத்தமா இருக்கும், வீட்டு மாடியில வச்சு கட்டுறவங்களுக்கு அதுதான் வழி. ஆனா கோவை மாதிரி பட்டறை நிறைஞ்ச ஊர்ல இருந்துக்கிட்டு எம்எஸ் ஸ்கொயர் டியூப்ல வெல்டு பண்ணாம விடுறது எனக்கு மனசு ஒப்பல. இரும்பு வெயிட்டு, அந்த வெயிட்டுதான் அதிர்வை வாங்கிக்கும். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் விசாரிச்சா வெல்டிங்கும் மில்லிங்கும் பண்ற இடம் கிடைக்கும். மத்த ஊர்க்காரங்க, சென்னைன்னா அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் பாருங்க.

வரிசை முக்கியம், இதை மாத்தாதீங்க. முதல்ல டியூபை வெட்டி வெல்டிங், ரெயில் வர்ற இடத்துல 12 எம்எம் ஃபிளாட் பட்டையை சேத்து வெல்டு பண்ணிடணும். வெல்டிங் சூட்டுல எல்லாம் இழுத்துக்கும், இழுக்கத்தான் செய்யும், எவ்ளோ கெட்டிக்கார வெல்டரா இருந்தாலும் ஒண்ணு ரெண்டு எம்எம் திருகும். அதுக்கப்புறம் மொத்த ஃபிரேமையும் பிளேனோ மில்லர்ல (பெரிய இரும்பு முகத்தைச் சமமா சீவுற மெஷின்) ஏத்தி, ரெண்டு பக்க ரெயில் முகத்தையும் ஒரே செட்டிங்ல மில்லிங் பண்ணச் சொல்லுங்க. ஒரு பக்கம் முடிச்சு இறக்கிட்டு இன்னொரு பக்கத்தை நாளைக்கு ஏத்துறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, ரெண்டு முகமும் ஒரே தளத்துல இருக்கணும்ங்கிறதுக்காகத்தான் இந்தக் காசே குடுக்குறோம். மில்லிங் முடிஞ்சதும் டிரில், டேப். கடைசியா பெயின்ட், அதுவும் ரெயில் முகத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு.

பட்டறைக்காரங்களுக்கு நம்மளோட ஒத்தை வேலை சின்ன வேலை, பெரிய ஆர்டர் இருக்கும்போது தள்ளித்தான் வைப்பாங்க. ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் ஆகும்னு எடுத்துக்கோங்க, ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டிப் போனா இன்னும் இழுக்கும். அண்ணன்கிட்ட நேர்ல போய் டிராயிங்கை விரிச்சு எதுக்காக இந்த முகம் நேரா இருக்கணும்னு விளக்கினா அவங்களே நம்மளை விட நல்ல யோசனை சொல்வாங்க, என் கேன்ட்ரிக்கு உள்பக்கம் குறுக்கு பட்டை வைக்கச் சொன்னது அப்படி ஒரு மில்லிங் அண்ணன்தான்.

4. ரெயிலும் பால் ஸ்க்ரூவும்

மரத்துக்கு மட்டும்னா எஸ்பிஆர் வகை உருளை ரெயில் போதும்னு கடையில சொல்வாங்க, விலையும் பாதி. வாங்காதீங்க. பின்னாடி ஹெச்ஜிஆர் வகை சதுர ரெயிலுக்கு மாறணும்னா உயரம் வேற, ஓட்டை இடைவெளி வேற, மொத்த மெஷினையும் பிரிக்கணும். முதல்லயே ஹெச்ஜிஆர் 20, இசட் ஆக்சிஸ்க்கு (ஸ்பிண்டில் மேலும் கீழும் போற திசை) ஹெச்ஜிஆர் 15 போட்டுடுங்க. ஸ்க்ரூ எஸ்எஃப்யூ 1605, அதாவது 16 எம்எம் தடிமன், ஒரு சுத்துக்கு 5 எம்எம் நகரும். அதுக்கு பிகே12, பிஎஃப்12 சப்போர்ட். சாதாரணமா கிடைக்குறது சி7 கிரேடு, 300 எம்எம்க்கு 0.05 எம்எம் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம்னு அர்த்தம், மரவேலைக்கு தாராளம்.

கையாளும்போது ரெண்டு எச்சரிக்கை. பிளாக்கை ரெயில்ல இருந்து அப்படியே உருவிடாதீங்க, உள்ள இருக்குற குட்டி உருண்டைங்க கொட்டிடும். கூட வர்ற பிளாஸ்டிக் துண்டை ரெயில் முனையோட சேத்துப் பிடிச்சு அதுக்கு மேல தள்ளி எடுக்கணும். பால் ஸ்க்ரூ நட்டும் அப்படித்தான், ஸ்க்ரூவை விட்டு வெளிய சுத்தி எடுத்துட்டா தரை பூரா பால் பொறுக்கணும்.

ரெயிலை உக்கார வைக்கிறதுதான் மொத்த வேலையிலயே நிதானம் வேண்டிய இடம். ஒரு பக்க ரெயிலை மாஸ்டரா வச்சு, டயல் கேஜ் (நுணுக்கமான வித்தியாசத்தைக் காட்டுற முள் மீட்டர்) வச்சு நேர் பாத்து, நடுவுல இருந்து ரெண்டு முனைக்குமா போல்ட்டை இறுக்குங்க. அடுத்த பக்க ரெயில் போல்ட்டை லூசா விட்டுட்டு கேன்ட்ரியை மேல மாட்டுங்க. கேன்ட்ரியை ஒரு முனைக்குத் தள்ளி அந்த முனை போல்ட்டை இறுக்கு, மறுமுனைக்குத் தள்ளி அதை இறுக்கு, அப்புறம் நடுவுல உள்ளதை ஒண்ணொண்ணா. சரியா உக்காந்துச்சுன்னா ஒத்தை விரல்ல தள்ளினா கேன்ட்ரி முழு நீளமும் ஒரே மாதிரி வழுக்கிட்டுப் போகும். ஏதோ ஒரு இடத்துல மட்டும் கனமாச்சுன்னா அங்க ரெயில் விலகியிருக்கு, மோட்டார் இழுத்துக்கும்னு விடாதீங்க, அதுதான் பின்னாடி ஸ்டெப் மிஸ் ஆகுற (மோட்டார் சொன்ன தூரம் போகாம தவறுற) இடம்.

5. மோட்டார், டிரைவர், ஒயரிங்

நீமா 23 மோட்டார் நாலு, நீளவாட்டுல ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணொண்ணு. டிரைவர் காசு கம்மின்னா டிபி6600ல ஆரம்பிக்கலாம், கொஞ்சம் கூட போட முடிஞ்சா டிஎம்542 வாங்கிடுங்க, சத்தமும் சூடும் கம்மி. பவர் சப்ளை 36 வோல்ட். டிஎம்542 50 வோல்ட் வரை தாங்கும்னு போட்டிருக்குன்னு 48 வோல்ட் குடுக்காதீங்க, மோட்டார் திடீர்னு நிக்கும்போது திரும்பி வர்ற வோல்டேஜ்க்கு இடம் வேணும். டிரைவர்ல இருக்குற குட்டி ஸ்விட்ச்சுல மோட்டார் கரண்ட்டை மோட்டார் லேபிள்ல போட்டிருக்குறதுக்கு ஒத்து வைங்க, மைக்ரோ ஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எத்தனையா பிரிக்கணும்ங்கிறது) 1/8. கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழட்டவே கழட்டாதீங்க, டிரைவர் அந்த நிமிஷமே போயிடும்.

லிமிட் ஸ்விட்ச் ஒயரை என்சி (சாதாரணமா மூடியே இருக்குற) கனெக்‌ஷன்ல போடுங்க, ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்னுடும். ஸ்பிண்டில் கேபிளோட சேத்து அதை ஒரே செயின்ல ஒட்டி ஓட்டாதீங்க, நாய்ஸ் ஏறி சும்மா நிக்கும்போதே அலாரம் அடிக்கும். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள், ஷீல்டை விஎஃப்டி பக்கம் எர்த் பண்ணணும். விஎஃப்டியை தனி பாக்ஸ்ல வைங்க. எமர்ஜென்சி ஸ்விட்ச் ஒண்ணு கை எட்டுற தூரத்துல, குனியாம அடிக்கிற மாதிரி.

எர்த்தைப் பத்தி தனியா சொல்லணும். விஎஃப்டி போட்டா வீட்டுல இருக்குற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற ஸ்விட்ச்) சில சமயம் டிரிப் ஆகும், விஎஃப்டியோட ஃபில்டர்ல கொஞ்சம் லீக்கேஜ் கரண்ட் எப்பவும் எர்த்துக்குப் போயிட்டே இருக்கும். வர்ற எலக்ட்ரீஷியன் எர்த் ஒயரைக் கழட்டி விட்டுட்டா சரியாயிடும்னு சொன்னா விடவே விடாதீங்க. டிரிப் நிக்கும், ஆனா ஒரு நாள் மெஷின் பாடியில 230 வோல்ட் நிக்கும். மெஷினுக்குன்னு தனி லைன், தனி பிரேக்கர், நல்ல எர்த், இதை விவரம் தெரிஞ்ச ஆளை வச்சுப் பண்ணுங்க. இன்னொண்ணு, விலை கம்மி ஸ்பிண்டில்ல நாலு பின் சாக்கெட் இருக்கும், நாலாவது பின் எர்த்னு நினைப்போம், உள்ள ஒயரே இருக்காது. மல்டிமீட்டர்ல அந்தப் பின்னுக்கும் ஸ்பிண்டில் பாடிக்கும் கன்டினியூட்டி பாத்துட்டு, இல்லைன்னா பாடியில இருந்து தனியா எர்த் எடுங்க.

6. ஸ்பிண்டிலும் விஎஃப்டி செட்டிங்கும்

வீட்டுக்கு 1.5 கிலோவாட் ஏர் கூல்டு போதும், இஆர்11 காலெட், 24,000 ஆர்பிஎம். 2.2 கிலோவாட்டுக்குப் போனா சிங்கிள் ஃபேஸ்ல இழுக்குற கரண்ட்டுக்கு வீட்டுப் பவர் பாயிண்ட் பத்தாது. வாட்டர் கூல்டு சத்தம் கம்மி, ஆனா பம்ப், டியூப், தண்ணி கவனிக்கிற வேலை சேரும்.

புதுசா வர்றவங்க ஸ்பிண்டிலை எரிக்கிறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். இந்த ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸ் மோட்டார். விஎஃப்டி ஃபேக்டரியில இருந்து வரும்போது 50 ஹெர்ட்ஸ் சாதாரண மோட்டாருக்கு செட் பண்ணி வரும். அப்படியே ஓட்டுனா 50 ஹெர்ட்ஸ்லயே முழு வோல்டேஜும் போய் சுருள் கருகிடும். பரவலா கிடைக்குற ஹுவான்யாங் விஎஃப்டின்னா ஸ்பிண்டில் ஒயரை மாட்டுறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் போட்டுடுங்க: பிடி005 மேக்ஸ் ஃப்ரீக்வென்சி 400, பிடி004 பேஸ் ஃப்ரீக்வென்சி 400, பிடி003 400, பிடி011 கீழ் வரம்பு 120, பிடி142ல ஸ்பிண்டில் லேபிள்ல இருக்குற ஆம்பியர், பிடி144ல 3000. பிடி144 வந்து 50 ஹெர்ட்ஸ்ல எத்தனை ஆர்பிஎம்னு கேக்குது, அதனால 24,000ன்னு போட்டுடாதீங்க. பிடி005ஐ முதல்ல மாத்துங்க, அதை உயர்த்தாம மத்தது 400ஐ ஏத்துக்காது. வேற கம்பெனி விஎஃப்டின்னா நம்பர் மாறும், மேனுவலைப் பாருங்க, கேக்குற விஷயம் அதேதான். கீழ் வரம்பு எதுக்குன்னா, ஏர் கூல்டுல ஃபேன் அதே ஷாஃப்ட்ல இருக்கு, மெதுவா சுத்துனா காத்தே வராது.

காலெட் மாட்டுறதுலயும் ஒரு முறை இருக்கு. காலெட்டை ஸ்பிண்டில்ல வச்சுட்டு மேல நட்டைத் திருகாதீங்க. முதல்ல காலெட்டை நட்டுக்குள்ள கொஞ்சம் சாய்ச்சு அழுத்துனா டிக்குனு ஒரு சத்தத்தோட உள்ள விளிம்புல மாட்டும், அப்புறம் நட்டோட சேத்து ஸ்பிண்டில்ல திருகி, கட்டரை விட்டு, ரெண்டு ஸ்பேனர் வச்சு இறுக்கணும். அப்படி மாட்டலைன்னா கட்டர் ஆடும், கழட்டும்போது காலெட் உள்ளயே சிக்கிக்கும். 3.175 எம்எம் ஷாங்க் கட்டருக்கு 3.175 காலெட்டே வாங்குங்க, 3 எம்எம் காலெட்ல திணிக்கக் கூடாது.

7. கண்ட்ரோலர் செட்டிங்

ஆர்டுயினோ ஊனோங்கிற சின்ன போர்டுல ஜிஆர்பிஎல்ங்கிற சிஎன்சி ஓட்டுற சாஃப்ட்வேரை ஏத்தி ஆரம்பிங்க, இலவசம், நல்லா வேலை செய்யும். முக்கியமான கணக்கு ஒண்ணுதான்: மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், மைக்ரோ ஸ்டெப் 8, ஸ்க்ரூ 5 எம்எம், ஆக 200 × 8 ÷ 5 = 320. ஜிஆர்பிஎல் செட்டிங் நம்பர் $100, $101, $102 மூணுலயும் 320. வேகம் $110, $111ல நிமிஷத்துக்கு 3000 எம்எம்ல ஆரம்பிங்க, அப்ப செகண்டுக்கு 16,000 ஸ்டெப்தான் வருது, ஊனோ 30,000 வரைக்கும் தாங்கும். ஆக்சிலரேஷன் கம்மியா வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. $1ஐ 255 ஆக்கினா மோட்டார் நின்ன இடத்துலயே பிடிச்சுக்கிட்டு நிக்கும். $22 ஹோமிங் (மெஷின் தன் தொடக்க இடத்தைத் தேடிப் போறது), $20 சாஃப்ட் லிமிட் (எல்லை தாண்டாம சாஃப்ட்வேரே தடுக்குறது) ரெண்டையும் ஆன் பண்ணி, $130ல இருந்து $132 வரைக்கும் உங்க மெஷினோட நிஜ பயண அளவைப் போடுங்க.

100 எம்எம் நகரச் சொல்லி 99.8 வந்தா ஸ்டெப்பை 320.6ன்னு மாத்தி சரிக்கட்டச் சொல்வாங்க. பால் ஸ்க்ரூ போட்ட மெஷின்ல அவ்ளோ வித்தியாசம் வரக்கூடாது. வந்தா கப்ளிங் லூசு, பேரிங் நட்டு லூசு, இல்ல திரும்பும்போது ப்ளே (லூசு ஆட்டம்) இருக்கு. அதைக் கண்டுபிடிங்க.

8. மூலைமட்டம், ட்ராம், ஸ்பாயில் போர்டு

600க்கு 800 எம்எம் செவ்வகத்துல நாலு மூலைக்கும் மெஷினை அனுப்பி வி பிட்டால நாலு புள்ளி குத்துங்க. ரெண்டு மூலைவிட்டமும் அளந்தா 1000 எம்எம் வரணும். ஒண்ணு கூட, ஒண்ணு கம்மின்னா கேன்ட்ரி சாஞ்சிருக்கு, ஒரு பக்க ஸ்க்ரூவை மட்டும் கையால திருப்பி சரி பண்ணுங்க.

அடுத்து ஸ்பிண்டில் நேரா நிக்குதான்னு பாக்கணும், இதைத்தான் ட்ராம்னு சொல்றது. டயல் கேஜை ஸ்பிண்டில்ல மாட்டி, டேபிள் மேல ஒரு நல்ல கண்ணாடித் துண்டை வச்சு, கையால சுத்தி நாலு திசையிலயும் ரீடிங் பாருங்க. வித்தியாசம் இருந்தா பேரிங் கடையில ஷிம் ஷீட் (மெல்லிய தகடு) கிடைக்கும், அதைக் கத்தரிச்சு ஸ்பிண்டில் பிளேட்டுக்கு அடியில வைங்க. இதைப் பாக்காம விட்டா பாக்கெட் (குழி) வெட்டும்போது தரை சமமா வராம ஒவ்வொரு லைனுக்கும் ஒரு படி விழும், விரல்ல தடவினா உறைக்கும்.

இது முடிஞ்சப்புறம் 18 எம்எம் எம்டிஎஃப் ஸ்பாயில் போர்டை (கட்டர் டேபிளைத் தொடாம இருக்க அடியில போடுற பலகை) போல்ட் பண்ணி, 22 எம்எம் சர்ஃபேஸிங் பிட் வச்சு முழுசும் அரை எம்எம் சீவி விடுங்க. ஓரத்துல சீலர் அடிச்சிடுங்க, மழைக் காலத்துல எம்டிஎஃப் ஊதும். சீவும்போது மாஸ்க் கட்டாயம், என்95. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குற பட்டியல்லதான் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வச்சிருக்கு, எம்டிஎஃப் தூள் இன்னும் நைசா இருக்கும். வேக்குவம் இணைக்கிற டஸ்ட் ஷூவை முதல் வேலையாவே வெட்டிக்கலாம்.

9. முதல் கட்டிங்

ஃபீட் (கட்டர் நகர்ற வேகம்) கணக்கு: ஆர்பிஎம் × பிளேடு எண்ணிக்கை × ஒரு பிளேடு எடுக்குற சில்லு. 18,000 × 2 × 0.05 = நிமிஷத்துக்கு 1800 எம்எம். 6 எம்எம் ரெண்டு பிளேடு கார்பைடு கட்டர், பிளைவுட், ஒரு தடவைக்கு 3 எம்எம் ஆழம், இங்க ஆரம்பிங்க. பயந்துக்கிட்டு மெதுவா ஓட்டுறதுதான் பெரிய தப்பு, மெதுவா போனா கட்டர் சீவாம உரசும், மரம் கருகும், கட்டர் மழுங்கும். கையில எடுத்துப் பாருங்க, சின்னச் சின்ன சில்லா வரணும், பவுடரா வந்தா ஃபீட்டை ஏத்துங்க இல்ல ஆர்பிஎம்மை இறக்குங்க.

டிசைனுக்கு ஃப்ரீகேட் இலவசம். ஃபியூஷன் பர்சனல் லைசென்ஸ்லயும் பண்ணலாம், ஆனா அதுல கட்டர் மேல தூக்கிட்டுப் போற வேகமான நகர்வையும் வெட்டுற வேகத்துலயே குடுக்கும், நேரம் கூடும். போஸ்ட் ப்ராசஸர் (டிசைனை மெஷின் கட்டளையா மாத்துற பகுதி) ஜிஆர்பிஎல்னு பாத்து எடுங்க, ஃபைல் தொடக்கத்துல ஜி21 இருக்கணும், அதுதான் எம்எம். முதல் தடவை இசட் ஜீரோவை 20 எம்எம் மேல வச்சு காத்துல ஓட்டிப் பாருங்க, கிளாம்ப்ல மோதுற பாதை இருந்தா இங்கயே தெரிஞ்சிடும்.

சின்னப் பீஸைப் பிடிக்க கிளாம்ப் இடைஞ்சலா இருந்தா, ஸ்பாயில் போர்டுலயும் பலகை அடியிலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ரெண்டு டேப்புக்கும் நடுவுல ஃபெவிக்விக் தடவி ஒட்டிடுங்க, நல்லா பிடிக்கும், வேலை முடிஞ்சதும் டேப்போட உரிஞ்சு வந்திடும். ஓடிட்டு இருக்கும்போது மெஷினை விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க. மழுங்குன கட்டர் ஒரே இடத்துல உரசுனா தூள் பத்திக்கும்.

10. அப்கிரேடு எந்த வரிசையில

மூணு மாசமாவது ஓட்டிட்டு அப்புறம் யோசிங்க. டிரிம் ரவுட்டர்ல ஆரம்பிச்சிருந்தா முதல் அப்கிரேடு ஸ்பிண்டில், சத்தமும் குறையும், நாள் பூரா ஓடும். அடுத்து டூல் செட்டர் ப்ரோப், கட்டர் மாத்துற ஒவ்வொரு தடவையும் பேப்பர் வச்சு ஜீரோ பிடிக்கிற வேலை மிச்சம், செலவும் சொற்பம். மூணாவதா கண்ட்ரோலர்: இஎஸ்பி32ல ஓடுற ஃப்ளூயிட்என்சி, இல்ல டீன்சி 4.1ல ஜிஆர்பிஎல்ஹால். ரெண்டு பக்க மோட்டாருக்கும் தனித்தனி லிமிட் ஸ்விட்ச் வச்சு ஹோமிங் பண்ணும்போதே கேன்ட்ரி தானா நேராகிடும், இது ஒண்ணுக்காகவே மாறலாம். லேப்டாப் கேபிள் வழியா நாய்ஸ் ஏறி நடுவுல நிக்கிற தொல்லையும், ஃபைலை எஸ்டி கார்டுல இருந்தே ஓட்டுறதால போயிடும்.

க்ளோஸ்டு லூப் மோட்டார் (சொன்ன இடத்துக்குப் போச்சான்னு தானே சரிபாக்குறது) கடைசி. ஸ்டெப் மிஸ் ஆகுதுன்னு அதுக்குப் போறாங்க, பெரும்பாலும் ரெயில் இறுக்கமோ ஆக்சிலரேஷன் அதிகமோதான் காரணமா இருக்கும்.

11. வெளி வேலை எடுக்கப் போறீங்கன்னா

பொழுதுபோக்கா ஓட்டுற வரைக்கும் வீட்டு மின் இணைப்பு போதும். காசு வாங்கி ஜாப் ஒர்க் பண்ண ஆரம்பிச்சா வீட்டு டேரிஃப்ல ஓட்டக் கூடாது, பிடிபட்டா அபராதம் போடுவாங்க, மின்வாரியத்துல விண்ணப்பிச்சு அதுக்கான டேரிஃப்ல தனி கனெக்‌ஷன் வாங்கிடுங்க. அதுக்கு வீட்டு வரி ரசீது, வாடகை வீடுன்னா ஓனர் சம்மதக் கடிதம் எல்லாம் கேப்பாங்க, ஷெட் ஓனரோட ஆரம்பத்துலயே பேசி வைங்க, மெஷினை இறக்கினப்புறம் பேசுனா சங்கடம். உத்யம் (சிறுதொழில்) பதிவு ஆதார், பான் வச்சு ஆன்லைன்ல நீங்களே போட்டுக்கலாம், அரசு தளத்துல கட்டணம் ஒரு ரூபா கிடையாது. தேடும்போது மேல வர்ற சில தளங்கள் அதே மாதிரி டிசைன் வச்சுக்கிட்டு ஆயிரம், ரெண்டாயிரம் கேக்கும், முகவரி அரசோட ஜிஓவி டாட் இன்ல முடியுதான்னு பாத்துட்டு ஆதார் நம்பரைப் போடுங்க.